ஏறக் கூடாது

நீதிமன்றப் படிகளுக்கு இடப்பக்கம்
வெண்கலத்தில் ஒரு பெட்டி.
கவிழ்த்துப் போட்ட ஆப்பிள் பெட்டி மாதிரி,
பலகை இடுக்கு, ஆணித்தலை எல்லாம் உண்டு.
மேலே ஆளில்லை.
இரண்டு காலடித் தடங்கள் மட்டும்.
யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்பதுதான்
சிற்பி வைத்த அர்த்தம்.
திறப்பு விழாவில் மேயர் ஏறினார்,
பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள்.
ஒரு பிள்ளை தன் பூனையின் பெயரைச் சொல்லிவிட்டு இறங்கியது.

அடுத்த மாதம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம்.
சங்கிலி வந்தது. பலகை வந்தது:
ஏறக் கூடாது.

வெர்னன் ஹாஸ்கின்ஸ் ஏறினார்.
ஒஹாயோ ஜனவரி, ஏரிக்காற்று, காலை ஆறே முக்கால்.
லாரி பழுதுபார்க்கிறவர், ஐம்பத்தெட்டு வயது.
நாற்பது நிமிஷம் நின்றதாகக் குற்றப்பத்திரிகை.

நான் இங்கே சுருக்கெழுத்துக்காரி.
இந்த அறையில் விழும் சொல் எதையும்
என் விரல் தவறவிட்டதில்லை, பத்தொன்பது வருஷமாய்.
இருமலைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.

அரசு வழக்கறிஞர் வாய்தா கேட்டார்.
களைப்பில் என் காதுக்கு அது
வாய் தா என்று விழுந்தது.
நீதிபதி பெட்ராக்கிஸ் தரவில்லை.
"மேலே நின்று என்ன பேசினீர்கள்?"
"ஒன்றுமில்லை, அம்மா."
"ஒன்றுமே?"
"பேசத்தான் போனேன். தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன்.
பனி கொட்டிக்கொண்டிருந்தது.
இருந்தது ஒரே ஆள், தரைக்கு உப்பு தூவுகிறவர்.
வலது கால் தடத்தில் அச்சாகப் பொருந்தியது.
இடது கால் பெரிசு, வெளியே துருத்தியது.
அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பதிந்தேன்.
பிறகு நீதிபதி ஜன்னல் பக்கம் திரும்பினார்.
அங்கிருந்து பெட்டி தெரியும், சங்கிலியும் தெரியும்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்,
என் இயந்திரத்தில் மௌனத்துக்கு விசை கிடையாது.

அபராதம் இருபத்தைந்து டாலர்.
கட்டி முடித்து,
தாளை எங்கே கொடுப்பது என்று கேட்டார் வெர்னன்.
குமாஸ்தா குப்பைக்கூடையைக் காட்டவில்லை,
கை நீட்டி வாங்கவும் இல்லை.
நாலாய் மடிந்து சட்டைப்பைக்கே போனது அது.

மாலை ஐந்தரை. பதினான்காம் எண் பஸ் தாமதம்.
பெட்டியின் மேல் ஒரு சாண் பனி,
தடம் இருந்த இடம் தெரியவில்லை.
சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்றே கையை நீட்டினேன்.
எட்டியது.
இடதைத் துடைத்து முடிக்கவில்லை,
பஸ் வந்துவிட்டது.