அளப்பவர்கள்

பெல்டன் ஏரியின் படகுத்துறையில்
என் வேலை அளப்பது.
அங்குலக் கோடு போட்ட ஒரு மரப்பலகை,
மழையிலும் எழுதும் பென்சில்,
மினசோட்டா மீன்துறை கொடுத்த பச்சைத் தொப்பி.
கரையேறும் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்:
எத்தனை மணி நேரம், என்ன மீன், எவ்வளவு நீளம்.

அவர்கள் வேலையும் அளப்பதுதான்.
சாண் மீன் கரை வந்து சேர்வதற்குள்
முழமாகிவிடும்.
தப்பிப்போன மீனுக்குப் பலகை ஏது,
இரண்டு கைகள்தான்.
பீர் டப்பாக்கள் ஒவ்வொன்றாய்க் காலியாக
கைகள் விலகிக்கொண்டே போகும்.

வால்ஐ மீனுக்கு இருட்டில் பார்க்கும் கண்.
டார்ச் அடித்தால்
வெளிச்சத்தை வைத்துக்கொள்ளாமல்
திருப்பித் தந்துவிடும்.
கிராப்பியின் வாய் நனைந்த காகிதம்,
அவசரக்காரனுக்கு உதடு மட்டும் மிஞ்சும்.
ஒரு பைக்கின் வயிற்றில் வாத்து இருந்தது,
வாத்தின் காலில் எண் பொறித்த வளையம்.
அந்த எண்ணை எழுதப் படிவத்தில் இடமில்லை,
என் சமையலறைச் சுவரில் எழுதிவைத்தேன்.
பெர்ச் பிள்ளைகளின் மீன்.
முதுகுமுள் குத்தி அழுதவனுக்காகக்கூட
அரை அங்குலம் கூட்டிப் போட்டதில்லை.
ஆறேகால் என்றால் ஆறேகால்.

பர்பட்டை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.
தாடை நடுவே ஒற்றை மீசை,
தூக்கினால் மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும் வால்.
ஏரி முழுக்கப் பனி மூடிய மாதத்தில்
அடியில் அது மட்டும்
கூட்டம் கூட்டமாய்ப் புரண்டு முட்டையிடுகிறது.
மேலே, துளைக்குப் பக்கத்தில்,
திட்டிக்கொண்டே எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

படிவத்தில் பன்னிரண்டு பெயர்கள்.
கடைசியில் ‘மற்றவை’ என்றொரு கட்டம்.
பதினோரு கோடைகளாக அது வெள்ளையாகவே இருக்கிறது.

கேஸ் லாரி ஓட்டும் ரெய்னோ கெட்டுனென்
இந்தத் துறையின் மகா அளப்பான்.
செப்டம்பரில் ஒரு செவ்வாய், மழைத்தூறல்,
வேறு ஒரு வண்டியும் இல்லை.
சட்டை முழுக்க வழுவழுப்போடு வந்தான்.
எத்தனை மணி என்றேன்.
ஆறு.
என்ன மீன் என்றேன்.
ஏரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு,
ஒன்றுமில்லை என்றான்.
கைகள் பழக்கதோஷத்தில் எழுந்தன,
விலகத் தொடங்கின,
நின்றன,
பாக்கெட்டுக்குள் போயின.

அதற்குள் பார்த்துவிட்டேன்.
இரண்டு உள்ளங்கையும்
ரம்பத்தைப் பிடித்து இழுத்தது போல.
என்ன இது?
கயிறு, என்றான்.

கயிறு இப்படி வரிசை போட்டுக் கீறாது.
அணை கட்டிய நாளோடு ஸ்டர்ஜன் போயிற்று
என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வது.
தூண்டில் கடையில் காலண்டருக்குப் பின்னால்
கடைசி ஒன்றின் படம் உண்டு,
தூக்கிப் பிடிக்க மூன்று ஆட்கள்.
ஆனால் கிழட்டு ஸ்டர்ஜன் கையைக் கிழிக்காது.
வயதாக ஆக அதன் எலும்புத் தகடுகள்
மழுங்கிப்போகும்.
கூர் இருக்கிறதென்றால் அது இளசு.
இளசு என்றால்
எங்கோ ஒரு பாறையிடுக்கில், எங்களைக் கேட்காமல்,
முட்டை பொரிந்திருக்கிறது.

இத்தனை வருடம்
நீட்டிச் சொன்ன பொய்களையே கேட்டவள்.
சுருக்கிச் சொன்ன பொய் இதுதான் முதல்.

எழுதினால் அலுவலகத்தில் கேக் வெட்டுவார்கள்.
எழுதினால் சனிக்கிழமைக்குள்
இந்தச் சாலையில் டிரெய்லர்கள் வால்பிடித்து நிற்கும்.
பென்சில் ‘மற்றவை’ மேல் கொஞ்ச நேரம் நின்றது.
தொப்பி விளிம்பிலிருந்து ஒரு சொட்டு
அந்தக் கட்டத்தில் விழுந்தது.
மணி: ஆறு.
மீன்: பூச்சியம்.
பூச்சியம் வட்டமாக வரவில்லை,
ஒரு பக்கம் மூக்குப் போல நீண்டுவிட்டது.
அழிக்கவில்லை.

வியாழக்கிழமை ரெய்னோ மறுபடி வந்தான்.
படகு வரை வந்து நழுவிய வால்ஐயைப் பற்றி
நாலு பேருக்கு நடுவில் ஆரம்பித்தான்.
எவ்வளவு பெரிசு என்று
நானே கேட்டேன்.
ஆறாத உள்ளங்கைகள் தெரிய
கைகளை விரித்தான்,
பலகையைத் தாண்டி,
இன்னும் கொஞ்சம் தாண்டி.