மதிப்பீட்டு வாசிப்பு

என் வேலைக்குப் பெயர் மானி வாசிப்பாளர்.
பதினேழு வருடமாக வாசிக்கிறேன்
களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம்.
கண்ணாடிக்குள் தட்டு சுற்றும்,
மேலே இலக்கங்கள் ஊரும்.
படலையில் நின்று “கரண்ட் மீட்டர்” என்று கத்தினால்
முதலில் நாய் வரும்,
பிறகு நாயை ஏசிக்கொண்டு ஆள் வரும்.

வாசிக்கிறவன் நான், எழுதுகிறவன் இல்லை.
யாரும் கேட்காமலே இதைச்
சொல்லிக்கொண்டு திரிந்தேன்
மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு மேலால்.

களுவாஞ்சிகுடியில் ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன்.
“பிள்ளைக்கா?” என்றான் கடைக்காரன்.
ஓம் என்றேன்.
எங்களுக்குப் பிள்ளை இல்லை.

முதல் பக்கத்தில் திகதி போட்டேன்.
இரண்டு கிழமை கழித்து அதை வெட்டி
வேறு திகதி.
இப்படி ஆறு.
அந்தக் கொப்பியில் பிழையில்லாமல் நான் எழுதியவை
அவைதான்.

சாதாரண தரத்தில் தமிழுக்கு எனக்கு எஸ்.
சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று
இன்றைக்கும் பேனை நின்று யோசிக்கும்.
இந்தக் கரையில் எழுதக் கிடந்ததையெல்லாம்
என்னைவிடக் கூட இழந்தவர்கள் எழுதிவிட்டார்கள்.
கடல் வந்த அன்று
எங்களிடம் கொண்டுபோனது மதிலை மட்டும்.
மதிலைப் பற்றி எவன் படிப்பான்?

பிறகு அந்த வீடு.
கடற்கரை வீதி, தகரப் படலை,
பூட்டுத் துரு பிடித்துச் சங்கிலியோடு ஒட்டிப்போனது.
எட்டிப் பார்த்தால் மீட்டர் தெரியும்.
ஒவ்வொரு மாதமும் ஒரேயொரு யுனிட்.

பூச்சியம் என்றால் விளங்கும், ஆளில்லை.
ஆயிரம் என்றாலும் விளங்கும், ஐஸ் அடிக்கிறார்கள்.
ஒன்று?
நாற்பது வாட் குமிழுக்கு
இருபத்தைந்து மணித்தியாலம்.
பிரித்தால் நாளுக்கு ஐம்பது நிமிடம்.
செட்டிபாளையம் வரைக்கும் அதைப் பிரித்துக்கொண்டே போய்
ஒரு ஆட்டை இடிக்கப் பார்த்தேன்.

பக்கத்து வளவுத் தெய்வானைப்பிள்ளையிடம் கேட்டிருக்கலாம்.
வாய் வரைக்கும் வந்தது.
சொல்லிவிடுவா என்ற பயத்தில்
“தண்ணி கொஞ்சம் தாங்க” என்றேன்.

ஆவணியில் மீட்டர்க் கண்ணாடியை மூடிக்
குளவி கூடு கட்டியிருந்தது.
இலக்கம் தெரியவில்லை.
வழக்கம்போல் மெசினில் வேறு பொத்தானை அமத்தினேன்.
துண்டு வந்தது:
மதிப்பீட்டு வாசிப்பு. அடுத்த பட்டியலில் திருத்தப்படும்.

எத்தனை ஆயிரம் துண்டு கிழித்துக் கொடுத்திருப்பேன்.
அன்றைக்குத்தான் வாசித்தேன்.

இரவு, ஆறு திகதிக்கும் கீழே
அந்த இரண்டு வசனத்தையும் அப்படியே எழுதினேன்.
அதற்குப் பிறகு
பூட்டிய வீட்டுக்குள் கிணற்றடியால் ஒருத்தி வந்தாள்.
குமிழைப் போட்டாள்.
கதிரையில் இருந்து கால்நகம் வெட்டினாள்.
யாருக்கும் மறுமொழி சொல்லாமல்
ஐம்பது நிமிடம் சும்மா இருந்தாள்.
மூன்று முறை பெயர் மாற்றினேன், ஒன்றும் பொருந்தவில்லை.
பெயரில்லாமலே விட்டேன்.
இரண்டரைப் பக்கம்.
நல்லதில்லை, தெரியும்.
திருத்தப்படும்.

தண்ணி குடிக்க எழும்பிய சுகிர்தா
கொப்பியை எடுத்தாள்.
நான் பல்லியைப் பார்த்தேன்.
நெடுநேரம் பார்த்தேன்,
அதற்கு வால் அறுந்து புதுசு முளைத்திருந்தது.
“இதுக்குப் பெரிய ற வரும்” என்றாள்.
பேனையை வாங்கி அவளே திருத்தினாள்.
இன்னொன்று. இன்னும் இரண்டு.
மூன்றாம் பக்கத்தில் பாதியில் எழுத்து முடிய
தாளைத் திருப்பினாள்,
அங்கே ஒன்றுமில்லை,
பின்னாலும் ஒன்றுமில்லை.

“மறுகா?” என்றாள்.

பன்னிரண்டு பத்து.
வெளிச்சுவரில்
எங்கள் வீட்டு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.