கழிவு

இருபதாயிரம் என்றான் தம்பி, தம்மாமிலிருந்து.
வந்தது பத்தொன்பதாயிரத்து அறுநூற்றுப் பதிமூன்று.

"முழுசாத்தான் போட்டேன் லாத்தா."
குரல் பதிவில் அவனுக்குப் பின்னால் லாரி ஹாரன்.
ரசீதையும் படம் பிடித்து அனுப்பினான்.
சரியாகத்தான் இருக்கிறது.
என் பாஸ்புக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

முந்நூற்று எண்பத்தேழு.
மடியில் முறத்தோடு கணக்குப் போடுகிறேன்:
ஆயிரத்து நானூறு பீடிக்குக் கொஞ்சம் குறைய.

மேலப்பாளையம் கம்பெனியில் செக்கர் இசக்கிராஜ்
கட்டுக்கு நாலு பீடியை
என் கண்ணெதிரேதான் உடைத்துப் போடுவான்.
"நீ வெளங்குவியாடே" என்று கேட்கலாம்.
ஒருமுறை கேட்டேன், இரண்டைத் திருப்பி வைத்தான்.

இது யார்?
கடலுக்கு மேலே எந்த இடத்தில் நின்று
என் கட்டைப் பிரித்தது?

பேங்கில் விசாரித்தேன்.
"நடுவுல ஒரு பேங்க் இருக்கும்மா,
அவங்க பிடிச்சிருப்பாங்க" என்றது அந்தப் பிள்ளை.
நடு எங்கே என்றேன்.
சும்மா ஃபேனைப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை மைமூனுக்கு
இருபதாயிரமும் எண்ணி வைக்கணும்.
ஜும்மாவுக்கு முன்னால், அவள் வாய் திறக்கும் முன்னால்.

"தம்பி, முழுசா வந்துட்டு" என்று
அவனுக்குப் பேசி அனுப்பினேன்.
பிறகு எழுந்துபோய்
இன்னும் இரண்டு கட்டு இலை
நனையப் போட்டேன்.