ஒன்றேகால் அங்குலம்

இருபத்துமூன்றாம் மாடியில்
கயிற்றில் தொங்கியபடி ஏ.சி. மாட்டியிருக்கிறேன்.
வொர்லியில் ஒரு பிணவறைக்கு,
பாந்திராவில் ஒரு பூனைக்கு
(தனி அறை, முக்கால் டன்).
படகுக்கு மாட்டுவது இதுதான் முதல் தடவை.

மஸ்காவ் சேற்றில்
கடல் வற்றியிருந்த நேரம்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது ‘ஷெர்னாஸ்’.
எண்பத்தேழில் வார்த்த ஃபைபர் உடம்பு.
யார் அந்த ஷெர்னாஸ் என்று
இப்போதைய சொந்தக்காரர்
ஹரேஷ்வர் நாக்வாவுக்குத் தெரியாது.
பெயரை அழித்தால் பதிவையும் மாற்றணும்,
அதுக்கு இன்னொரு ஆபீஸ்,
இன்னொரு டீக்காசு என்றார்.

மே மாதம்.
கேபின் கதவைத் திறந்தால்
டீசலும் பழைய மெத்தையும் சேர்ந்து
இட்லிக்கொப்பரை ஆவி மாதிரி
முகத்தில் அடித்தது.
மாண்ட்வா பக்கம் ஒரு ராத்திரி நிறுத்த
வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே
ஏ.சி. இருக்கா என்பதுதானாம்.

ஜன்னல் ஏ.சி. ஒன்றைக்
கூரையில் கட்டிவிடலாமே என்றான் அவர் மச்சினன்.
ஒரே மழைக்காலத்தில் உப்பு தின்றுவிடும் என்றேன்.
படகில் வேறு முறை.
கடலை உள்ளே வரவழைத்து
அதன் கையில் சூட்டைக் கொடுத்து
திரும்ப வழியனுப்ப வேண்டும்.
அதாவது
நீர்க்கோட்டுக்குக் கீழே
ஒன்றேகால் அங்குலத்தில்
ஒரு ஓட்டை.

கப்பல் கவிழ்ந்த ஆள் மாதிரி
கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார் நாக்வா.
எங்கள் மொழியில் இதற்கு ஒரு வசனம் உண்டு
என்று அவரிடம் சொல்லவில்லை.
மொழிபெயர்த்தால் கூலி குறையும்.

பத்தொன்பது வருஷமாய்
எங்கே துளி தண்ணீர் கசிந்தாலும்
மெழுகு, தார், பழைய பனியன் என்று
கிடைத்ததை வைத்து அடைத்தவர்.
அடித்தட்டில் நீர் இறைக்கும் பம்ப்
சத்தம் போடும்வரை தூங்குவார்,
நின்றால் விழித்துக்கொள்வார்.
அவரிடம் போய்
நல்ல இடமாய்ப் பார்த்து
ஓட்டை போடலாம் என்றால்.

அமாவாசை வரட்டும் என்றார்.
நியாயம்தான், தண்ணீர் நன்றாய் இறங்கும்.
அமாவாசையன்று வேறு காரணம் சொன்னார்.
அது அவ்வளவு நன்றாயில்லை.

கடைசியில் துளைவாளை வைத்தேன்.
முதல் சுற்றில் நீலத் தூள்.
அதன் கீழே சிவப்பு.
அதற்கும் கீழே, யாரோ ஆசைப்பட்ட
மாம்பழ மஞ்சள்.
பிறகு கண்ணாடிநார்,
மூன்று நாள் முழங்கை அரிக்கப்போகும் வெள்ளை.
வட்டவில்லை சூடாய்
உள்ளங்கையில் விழுந்தது.
உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன்:
ஓட்டை அளவுக்குச் சேறு,
அதில் தன் வேலையைப் பார்க்கும் ஒரு நண்டு.
சட்டென்று இருட்டியது.

வெளியே நின்று
நாக்வா விரலை விட்டு அடைத்திருந்தார்.
கடல் அப்போது நூறடி தள்ளி இருந்தது.
ஆனாலும்
வெண்கலக் குழாயையும் பசையையும்
நான் தேடி எடுத்து வரும்வரை
விரலை எடுக்கவில்லை.

ஏற்றம் வந்தது.
படகு நிமிர்ந்தபோது யாரும் பேசவில்லை.
குழாயைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைச் சுற்றி
ஒரு மணி நேரம் பார்த்தோம்.
காகிதம் நனையவில்லை.
ஜெனரேட்டரைத் தட்டினேன்.
பக்கவாட்டில் வெதுவெதுப்பாய்த்
துப்பத் தொடங்கியது ஷெர்னாஸ்.
முதல் மணியில் வடிகட்டியில் சிக்கியவை:
குட்கா உறை, தெர்மகோல், ஒரு சாமந்தி இதழ்.
தட்டில் சொட்டிய குளிர்நீரை
வேலைக்காரப் பையன் பிகு
பாட்டிலில் பிடித்து
பாட்டரிக்கு ஊற்ற எடுத்துப்போனான்.
உப்பில்லாத தண்ணீர்
இந்தப் படகில் சும்மா கிடைத்தது
அதுதான் முதல் முறை.

ராத்திரி இரண்டு மணிக்கு போன்.
“சத்தம் கேட்கலை.”
“எந்தச் சத்தம்?”
“பம்ப்.”
ஏ.சி. இரைச்சலில் அமுங்கியிருக்கும் என்றேன்.
அணைத்தார்.

ஆன்டாப் ஹில்லில்
சுற்றிக்கொண்டிருந்த என் ஃபேனையும்
நான் அணைத்துவிட்டு
காதில் போனை அழுத்திக்கொண்டேன்.
வியர்த்தது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம், எங்கோ கீழே,
தொண்டையைச் செருமுவதுபோல்
ஒரு தடவை.
இன்னொரு தடவை.

கேட்டதா என்றார்.
கேட்டது என்றேன்.
இருவரும் இன்னும்
வைக்கவில்லை.