காரணம் 14

பதினொரு ஆண்டு பேருந்து ஓட்டினேன்.
வலது முழங்கால் போனபின்
நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
ஒரு நாற்காலி தந்தார்கள்.
கால அட்டவணைப் பிரிவு.
இங்கே வண்டிகள் இரைவதில்லை,
கட்டங்களுக்குள் எண்களாக ஊர்கின்றன.
பிட்ஸ்பர்க்கின் மேடுகளெல்லாம்
திரையில் தட்டை.

பிப்ரவரியில் பட்ஜெட் கிழிந்தது.
நாளொன்றுக்கு ஓர் ஆளுக்கும் குறைவாக ஏறும்
நிறுத்தங்களை நீக்கு என்று
மேலிருந்து ஒரு வரி.
வரிசைப்படுத்தினேன்.
ஆகக் கீழே
நிறுத்தம் 2217, ஹார்கர் சரிவு:
சைபர் புள்ளி ஏழு ஒன்று.

சைபர் புள்ளி ஏழு ஒன்றை எனக்குத் தெரியும்.
ஐந்தை ஏழால் வகுத்தால் வருகிறவள்.
வெர்லீன் டக்கெட்.
மருத்துவமனைச் சலவைக்கூடம், காலை ஷிப்ட்,
சனி ஞாயிறு விடுமுறை.
4:52க்கு ஏறுவாள்,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி.
ஒருமுறை என் பிளாஸ்க் உருண்டு
கடைசி இருக்கைவரை போய்விட்டது.
எடுத்துவந்து குலுக்கிப் பார்த்து,
"காபி உயிரோடதான் இருக்கு" என்றாள்.
பதினொரு ஆண்டில்
நாங்கள் பேசிய நீண்ட பேச்சு அது.

நீக்க ஒரு பொத்தான்.
'உறுதியா?' என்று கேட்டது.
ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம்.
உறுதி என்றேன்.

கம்பத்தைப் பிடுங்க
பலகைப் பிரிவின் கஸிமிர் போனான்.
காங்கிரீட் விட்டுக்கொடுக்கவில்லை.
கணுக்கால் உயரத்தில் அறுத்துவிட்டு
'பணி முடிந்தது' என்று படிவத்தில் எழுதினான்.

அடுத்த திங்கள்
என் மேஜைக்கு வந்தது விதிமீறல் அறிக்கை:
வண்டி 5130. ஓட்டுநர் ஒடெல் ப்ரூஸார்ட்.
காலை 4:52. நிறுத்தம் இல்லாத இடத்தில்
முன்கதவு ஒன்பது நொடி திறந்திருந்தது.
காரணம் நிரப்புக.

செவ்வாயும். புதனும்.
கான்டீனில் ஒடெலைப் பார்த்தேன்,
தலை நிமிராமல் சூப்பை ஊதிக்கொண்டிருந்தான்.
நான் கேட்கவில்லை.
கேட்டால் பதில் வரும்,
வந்தால் அதை எழுத வேண்டும்.

பட்டியலில் இருபத்திரண்டு காரணங்கள்.
வெள்ளம், விபத்து, ஊர்வலம்,
பயணி மயக்கம், ஓட்டுநர் மயக்கம்.
ஓர் ஆள் காத்திருந்தார் என்று
ஒன்றுகூட இல்லை.
பதினான்கைத் தேர்ந்தேன்: சாலையில் விலங்கு.
குறிப்பு: மான்.

சரிவுக்கு மேலே மரக்காடு, மான்கள் உண்டு.
ஆகவே முழுப் பொய் இல்லை.
என் மான்
திங்கள் முதல் வெள்ளிவரை குறுக்கிட்டது.
வார இறுதியில் காட்டோடு இருந்தது.
ஏப்ரலில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை.
உடம்புக்கு என்னவோ என்று
காலியான அறிக்கையை
நான் திறந்து திறந்து மூடினேன்.

ஜூனில் மேலாளர் கிரெட்சன்
என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.
"ஹார்கர் சரிவில் ஐம்பத்தெட்டு மான்.
அதுவும் ஒரே நேரத்துக்கு."
காது சுட்டது எனக்கு.
"ஆபத்தான இடம்.
சாலைப் பிரிவுக்கு எழுதிவிட்டேன்."

எந்தக் குழியையும்
ஆறு மாதத்துக்குள் மூடியறியாத சாலைப் பிரிவு
பன்னிரண்டே நாளில் ஆள் அனுப்பியது.
கஸிமிர்தான் போனான்.
புதுக் குழி தோண்டச் சோம்பல்பட்டு
தான் அறுத்த அதே அடிக்கட்டையில்
கம்பத்தைப் பற்றவைத்தான்.
மஞ்சள் பலகை,
முன்னங்காலைத் தூக்கிய கறுப்பு மான்.

ஒரு வியாழக்கிழமை இருட்டோடு போய்
எதிர்ச்சாரியில் காரை நிறுத்திப் பார்த்தேன்.
மானுக்குக் கீழே
கம்பத்தில் தோள் சாய்த்து நின்றாள்.
வண்டி வந்தது. கதவு திறந்தது.
ஒன்பது நொடி என்றுதான் அறிக்கை வழக்கமாகச் சொல்லும்.
நான் எண்ணினேன்: பதினான்கு.
ஏதோ பேசினார்கள் போலிருக்கிறது.