மற்றும்

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரத்தான் கட்டணம்.
திரும்பிப் போக இலவசம்.
பெர்ரி வாசலில் நிற்கும் பையன்
ஒவ்வொரு வெள்ளியும் என் டபுள் பேஸைப் பார்த்துக் கேட்பான்:
"உள்ளே யாருக்கா?"
ஒருமுறை, என் வீட்டுக்காரர் என்றேன்.
அன்றிலிருந்து அகலக் கதவைத் திறந்து
"மாமாவை முதல்ல விடுங்க" என்கிறான்.

லெபோ பந்தாயில் இரண்டு வங்கிகளுக்கு நடுவே
மாடியில் ஒரு பார்.
கீழே ஒட்டியிருக்கும் தாளில்
டெல்ஃபின் நோனிஸ் மற்றும் குழுவினர்.
அந்த "மற்றும்"க்குள் நிற்கிறேன்,
என்னைவிட உயரமான ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி.

எங்கள் வரலாறே அப்படி.
ஆரம்பகால இசைத்தட்டுகளில் எங்களைச் சேர்க்கத் தயங்கினார்கள்,
அதிர்வில் ஊசி தடம் விட்டுக் குதிக்குமாம்.
டூபாக்காரர் எங்கள் வேலையை ஊதினார்.
நடனக் கூடத்தின் கடைசி ஜோடிக்கும் கேட்கட்டுமென்று
நரம்பை இழுத்துக் கட்டையில் அறைந்தார்கள்.
விரலெல்லாம் பிளாஸ்திரி.
பிறகு யாரோ நடக்கத் தொடங்கினார்,
சுற்றுக்கு நான்கு எட்டு,
எங்கும் போய்ச் சேராத நடை.
அதன் மேல் ஏறி மற்றவர்கள் பறந்தார்கள்.

இருபத்தைந்து வயதில் ஒருவர் சாலை விபத்தில் போனார்.
கூட வாசித்த பியானோக்காரர்
மாதக்கணக்கில் மேடை ஏறவில்லை.
இதைப் படித்த அன்று
எங்கள் ஊய் கியாட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.
ஹொக்கியன் மீயிலிருந்து
இறாலை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

போன வெள்ளி, இரண்டாவது செட்டில்,
ஏனென்று தெரியாது,
எட்டுச் சுற்றுக்கு நிறுத்திவிட்டேன்.
உள்ளங்கையை நரம்புகள் மேல் வைத்துச் சும்மா நின்றேன்.
ஜமாலுதீன் சிம்பலிலிருந்து நிமிர்ந்து
கண்ணாலேயே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
ஊய் கியாட்டின் இடது கை ஓடி வந்து
என் வீட்டைப் பார்த்துக்கொண்டது.
அடுத்த வரியை எடுத்த டெல்ஃபின்,
இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று
காலை வைத்தவள் போல, ஒரு கணம்.

நான் பார்த்ததோ ஏழாம் மேசைக்காரரை.
மேடைக்கு முதுகு காட்டி
இரவெல்லாம் நில விலை பேசியவர்.
பேச்சு நின்றது.
சட்டைப் பையைத் தொட்டார். கால்சட்டைப் பையைத் தொட்டார்.
சாவி இருந்தது.
பர்ஸ் இருந்தது.
போன் கண் முன்னாலேயே கிடந்தது.
குனிந்து மேசைக்கு அடியிலும் தேடினார்.

மறுபடி நடந்தேன்.
நிமிர்ந்து உட்கார்ந்தார். சதுர அடி இவ்வளவு என்று
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.
யாரும் கைதட்டவில்லை.
எதற்கென்று தட்டுவார்கள்?

கடைசி பெர்ரி. இலவசம்.
அக்கரை விளக்குகள் தண்ணீரில் நசுங்கிக் கிடந்தன.
உறையைப் பாதி திறந்து மரத்தில் கன்னம் சாய்த்தேன்.
எஞ்சினின் உறுமல்
தடித்த நரம்பில் தானாக ஏறிக்கொண்டிருந்தது.
கொஞ்சம் சுருதி இறங்கிய எஞ்சின்.
பிருடையைக் கால் திருகு திருப்பி
அதற்குத் தக்கபடி
நானும் இறக்கிக்கொண்டேன்.