கடைசி இலக்கம்

திங்கள் முதல் வெள்ளி வரை
நான் அனுமதிச் சீட்டு.
ஏணிக்கு, கயிற்றுக்கு, தீப்பொறிக்கு,
தொட்டிக்குள் இறங்குகிறவனின் மூச்சுக்குக்
கையெழுத்துப் போடுகிறவன்.
ருவைஸ் ஆலையில் என்னைக் கண்டால்
பேச்சை நிறுத்திக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள்
வெல்டர்கள்.

சனிக்கிழமை மிர்ஃபா.
பதினான்கடி ஃபைபர் படகு,
கிரேன் ஓட்டும் சீனி நைனாவும் நானும்
பாதிப் பாதி போட்டு ஒரு சூடானியிடம் வாங்கியது.
அவனுக்குத் தொண்டி, பிறக்கும்போதே நனைந்தவன்.
எனக்கு ஒட்டன்சத்திரம்.
நான் பார்த்த பெரிய தண்ணீர்
மோட்டார் போட்ட கிணறு. நீச்சல் தெரியாது.

தண்ணீர் இருபது லிட்டர்,
துடுப்பு இரண்டு, நங்கூரம், திசைகாட்டி,
விசில், டார்ச், டார்ச்சுக்கு இன்னொரு டார்ச்.
"ஹஜ்ஜுக்கே எங்க வாப்பா
இவ்வளவு கொண்டு போகல" என்றான் நைனா.

டீக்கடை நூருலிடம் ஒரு தாள்:
போகும் திசை, படகின் நிறம்,
மாலை ஆறுக்குள் வராவிட்டால்
கடலோரக் காவலுக்குச் சொல்லவும்.
பால் டின்னுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

கரை முதலில் கோடானது,
பிறகு கோடு போட நினைத்தவனின் எண்ணம்.
கண்ணாடிப் பச்சையில் புல் அசைந்தது.
மீன்கூடுகளின் வெள்ளை மிதவைகளை விட்டு விலகி
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனோம்.
காற்றை மூன்று நாளாகப் பார்த்திருந்தேன்.
ஷமால் இல்லை.
ஓத அட்டவணையில் மட்டும்
ஞாயிற்றுக்கிழமை வரியைச்
சனிக்கிழமை என்று படித்திருந்தேன்.
நான். படிவங்களிலேயே நரைத்தவன்.

மோதவில்லை, உடையவில்லை.
மாடு படுப்பதுபோல்
படகு ஒருபக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது.
"வத்தம்" என்றான் நைனா.
"இனி ஏத்தம் ராத்திரிதான்."

கடல் எழுந்து போன இடத்தில் நடந்தோம்.
துருப்பிடித்த ஒரு கூடு, உள்ளே உயிரோடு ஒரு நண்டு.
நடுக்கடலில், கணுக்கால் ஈரத்தில்,
ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு நான்.
"கழட்டுங்களேன், பார்க்கச் சகிக்கல."
கழற்றவில்லை.

போனில் ஒரு கோடும் இல்லை.
ஆறு ஆனது. ஏழு ஆனது.
பௌர்ணமிக்கு மறுநாள் நிலா
தாமதமாக, கொஞ்சம் கோணலாக வந்தது.
அப்போதுதான் பக்கத்து வாய்க்காலில்
யாரோ மூச்சு விட்டார்கள்.
நைனா என் தோளைப் பிடித்து உட்கார்த்தினான்.
"ஆவுளியா."
முதுகு தெரிந்ததா, நிலாவா, சொல்ல முடியாது.
மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில்
கடிகாரம் பார்த்தேன், பழக்கதோஷம்.
இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் பத்து நொடி.
மூன்றாவதுக்குக் காத்திருந்தபோது
நானும் மூச்சை அடக்கியிருந்தேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது.
அங்கே யாரும் எனக்கு அனுமதி தரவில்லை,
நானும் யாருக்கும்.

எங்கள் கால்தடங்களில்தான்
நீர் முதலில் நிறைந்தது.
ஒன்பதரைக்குப் படகு எழுந்து நின்றது.
தெற்கே, வெகு தூரத்தில்
ஒரு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்தது:
யாருடைய பிக்கப்பையோ இரவல் வாங்கி
கடலைப் பார்த்து நிறுத்தியிருந்தான் நூருல்.
பாதி வழியில் காவல் படகு எதிர்ப்பட்டது.
இளைஞன்தான் அதிகாரி.
என் அடையாள அட்டையில் வேலை என்ற இடத்தை
இரண்டு முறை சத்தமாகப் படித்தான்.
சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை
நூருல் தாளைத் திருப்பி நீட்டினான்.
"வீட்டு நம்பரும் எழுதுங்க, பாய்.
அன்னிக்கு ராத்திரி
யாருக்குச் சொல்லணும்னு தெரியல எனக்கு."

விடுமுறை நாளில் நான்
மதியம்வரை தூங்குவதாக நம்புகிறாள்
மரகதவல்லி.
பேனாவை வாங்கினேன்.
நாட்டு எண், பிறகு பத்து இலக்கம்,
ஒன்பதுவரை
ஆலையில் எழுதுவதுபோலத் தெளிவாக.
நைனா இன்ஜின் கயிற்றை இழுத்தான்.

கடைசி இலக்கத்தை
மாற்றி எழுதிக் கொடுத்தேன்.